ஆயத்த காலம்

குரோமோசோம் பரிசோதனைக்கென்று ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், முடிவு கைக்கு வர இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட ஆகும் என்று கேட்டவுடன் முகம் வாடி நிற்பதை என் உத்தியோக காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். காலையில் சர்க்கரைக்குக் கொடுத்த ரத்தத்துக்கு மாலைக்குள் சீட்டு வந்துவிடுகிறது. கொழுப்புக்கும் உப்புக்கும் மறுநாளே பதில் கிடைத்துவிடுகிறது. இதற்கு மட்டும் என்ன இத்தனை தாமதம் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. நான் சொல்லும் சமாதானம் எப்போதும் ஒன்றுதான்: மற்றப் பரிசோதனைகளில் ரத்தத்தில் உள்ளதை உள்ளபடி அளந்து சொல்லிவிடுகிறோம், இதில், உங்கள் ரத்தத்து அணுக்களை உயிரோடு வைத்து வளர்த்து, அவை இரண்டாகப் பிரிவதற்கு ஆயத்தமாகும் வரையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவற்றை அவசரப்படுத்த ஒருவராலும் ஆகாது.

குரோமோசோம் என்பது எண்ணக்கூடிய, நீளம் பார்க்கக்கூடிய, ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஜோடி சேர்க்கக்கூடிய ஓர் உருவத்தை அடைவது உயிரணு பிரிகின்ற அந்த ஒரு மணி அவகாசத்தில், அதிலும் நடுவே உள்ள சில நிமிஷங்களில் மாத்திரமே. ஏனைய காலமெல்லாம் அது உட்கருவுக்குள் அவிழ்ந்து பரந்து கிடக்கிறது. சாயம் ஏற்றினால் உட்கரு முழுவதும் ஒரே திட்டாகத் தெரியுமேயன்றி, அதற்குள் 46 இருக்கின்றனவா 47 இருக்கின்றனவா என்று சொல்ல எவராலும் இயலாது. ஆகவே எங்கள் தொழிலில் பார்ப்பது என்னும் காரியம் சிறியது. பார்க்கத் தகுந்த நிலைக்கு அணு வந்து சேரும்வரை அதற்கு வேண்டியதைக் கொடுத்து, வேண்டாததை விலக்கி, உடன் இருப்பதே பெரியது.

இதை எனக்குப் பாடப்புத்தகம் கற்பிக்கவில்லை. மறைத்தே வைத்திருந்தது என்றுகூடச் சொல்வேன். கல்லூரியில் தாவரவியல் படித்த நாளில், சின்ன வெங்காயத்தைச் சீசாவின் வாயில் அமர்த்தி அடிப்பாகம் மட்டும் நீரில் படும்படி வைத்து, இரண்டு மூன்று நாளில் இறங்கும் வெள்ளை வேர்களின் நுனியைக் காலை வேளையில் நறுக்கி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் சேர்ந்த திரவத்தில் இட்டு வைப்போம். பிறகு அதை அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மின் சாயத்தில் போட்டு, இரும்பு ஊசியாலேயே கிளற வேண்டும் என்பது எங்கள் ஆய்வகத்துச் சம்பிரதாயம். ஊசியிலிருந்து இறங்கும் இரும்புதான் சாயத்தைக் குரோமோசோமில் அழுத்தமாகப் பிடிக்கச் செய்கிறது என்பதை யாரும் விளக்கியதில்லை. ஊசியை மாற்றினால் நிறம் வெளிறிப்போவதைக் கண்டு நாங்களே தெரிந்துகொண்டோம். கவர் ஸ்லிப்பின் மேல் மையொற்றும் தாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்தி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நூற்றுக்கணக்கான அணுக்கள் வரிசை வரிசையாகத் தெரியும். அவற்றுள் பிரிந்துகொண்டிருப்பவை ஒரு சிலவே. அந்தச் சிலவற்றைத் தேடிப்பிடித்து நான்கு நிலைகளாக ரெக்கார்டு நோட்டில் வரைந்து, வெங்காயத்தின் 16 குரோமோசோம்களையும் எண்ணிக் காட்டிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். பார்வைக்குள் பெரும்பான்மையாக நிறைந்திருக்கும் மற்ற அணுக்களைப் பற்றி ஆசிரியரும் கேட்கமாட்டார். புத்தகத்திலும் இரண்டு வரிக்கு மேல் இராது. பிரிவின் நான்கு நிலைகளுக்கும் பக்கம் பக்கமாகப் படம் போட்டவர்கள், அதற்கு முன்னே நடக்கும் பெருங்காரியத்தை ஒரு சிறு பத்தியில் அடக்கிவிடும் வழக்கம் இன்றுவரை முற்றாக மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

பழைய விஞ்ஞானிகள்மேல் இதில் குறை சொல்வதற்கில்லை. 1882-ல் ஜெர்மானியரான வால்தர் ஃப்ளெமிங், சாலமாண்டர் என்னும் நீர்நிலப் பிராணியின் இளம் உயிரிகளில் உயிரணு பிரிவதைச் சாயம் ஏற்றியும் ஏற்றாமலும் பார்த்துப் பார்த்து, படிப்படியாக வரைந்து வைத்தபோது, கண்ணுக்கு எது பிரத்தியட்சமாயிற்றோ அதைத்தான் அவரால் எழுத முடிந்தது. இரண்டு பிரிவுகளுக்கு நடுவே உட்கரு அசைவற்றுத் தோன்றுகிறது. அசைவற்றுத் தோன்றுவது ஓய்ந்திருக்கிறது என்று கொள்வது மனித சுபாவம். அந்த அனுமானம் ஏறக்குறைய 70 ஆண்டுகள் நீடித்தது. அதைத் தகர்த்தவர்கள் லண்டனில் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் வேலை செய்த அல்மா ஹோவர்ட் என்னும் பெண்மணியும், ஸ்டீபன் பெல்க் என்னும் பௌதிக அறிஞரும் ஆவர். அவர்கள் எடுத்துக்கொண்ட சாதனமும் ஒரு வேர்நுனியே: ஐரோப்பியர் சமையலுக்குப் பயன்படுத்தும் பெரிய அவரை இனம் ஒன்றின் வேர். கதிரியக்கமுள்ள பாஸ்பரஸ் கலந்த நீரை அந்த வேருக்கு ஊட்டி, குறித்த நேரங்களில் நுனியை நறுக்கி, நசுக்கிய அணுக்களின்மேல் புகைப்படப் பூச்சைப் பரப்பி இருட்டில் வைத்தார்கள். எந்த அணு புதிதாக டி.என்.ஏ. செய்துகொண்டதோ அதன்மேல் கருமையான புள்ளிகள் விழுந்தன. அப்புள்ளிகள் விழுந்தவை பிரிந்துகொண்டிருந்த அணுக்களல்ல. ஓய்ந்திருப்பனவாகக் கருதப்பட்ட அணுக்களே. அதிலும் எல்லா நேரமும் அன்று. இடையே ஒரு குறிப்பிட்ட காலப்பகுதியில் மட்டும். அதற்கு முன் ஓர் இடைவெளி, பின் ஓர் இடைவெளி. முதல் இடைவெளிக்கு ஜி-ஒன்று, இரட்டிக்கும் காலத்துக்கு எஸ், அடுத்த இடைவெளிக்கு ஜி-இரண்டு என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கும் பாகுபாடு அங்கே பிறந்தது. அவர்களுடைய விரிவான கட்டுரை வெளிவந்த 1953-ஆம் ஆண்டிலேயே வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை அறிவித்ததால், உலகத்தின் கண் முழுவதும் அப்பக்கம் திரும்பிவிட்டது. அவரைவேர்க்காரர்கள் இருவரையும் எங்கள் தொழிலில் உள்ளவர்களைத் தவிர மற்றவர் அவ்வளவாக அறியார்.

மனித ரத்தத்துக்கு வருகிறேன். நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் பிரிந்துகொண்டிருக்கும் அணு சாதாரணமாக ஒன்றும் இராது. சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது. வெள்ளையணுக்களில் லிம்போசைட் என்பவை, நோய்க்கிருமி வரும்வரை வேலையில்லாமல் பிரிவுச் சுழற்சிக்கு வெளியிலேயே ஒதுங்கிச் சுற்றிக்கொண்டிருப்பவை. இவற்றை உள்ளே அழைத்து வரும் வழி 1960-ல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல் என்பவருக்குத் தற்செயலாக அகப்பட்டது. சிவப்பு ராஜ்மா விதையிலிருந்து எடுக்கும் ஒரு புரதச் சாறு சிவப்பணுக்களைத் திரட்டிக் கீழே தள்ளுவதற்காக உபயோகமாகி வந்தது. அந்தச் சாறு பட்ட லிம்போசைட்டுகள் பிரியத் தொடங்குகின்றன என்பதை அவர் கண்டார். ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்னும் அதன் நீண்ட பெயரை நாங்கள் பி.எச்.ஏ. என்று சுருக்கிக்கொள்வோம். அரை மில்லி ரத்தம், ஐந்து மில்லி ஊட்டத் திரவம், கன்றின் சீரம், சில துளி பி.எச்.ஏ.; மூடி திருகி 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்து, அதன் பலகைமேல் தேதியும் மணியும் எழுதிவிட்டு வெளியே வருவது, கல்ச்சர் போடுவது என்று எங்கள் கூடத்தில் வழங்கும் காரியம். அதிலிருந்து 72 மணி.

அந்த 72 மணியில் என்ன நடக்கிறது என்பதைப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக, உபரியாக ஒரு கல்ச்சர் போட்டு, அதிலிருந்து அவ்வப்போது ஒரு துளி எடுத்துச் சாயமேற்றிப் பார்க்கச் செய்வேன். தொடக்கத்தில் லிம்போசைட் ஏறக்குறைய சிவப்பணுவின் அளவே உள்ள சிறு உருண்டை. இறுகிக் கறுத்த உட்கரு அதன் உடலை முழுக்க அடைத்திருக்கும். சுற்றிலும் நகக்கீற்றளவு நீலம் தெரிந்தால் அதிகம். முதல் நாள் முழுவதும் எண்ணிக்கை ஒன்றும் கூடாது, டி.என்.ஏ.யும் ஓர் இழை அதிகமாகாது. ஆனால் அணு பருக்கிறது. உட்கருவின் இறுக்கம் தளர்ந்து மென்மையாகிறது. அதற்குள்ளே நியூக்ளியோலஸ் தெளிந்து பெரிதாகிறது. புரதம் செய்யும் சாமக்கிரியைகள் பெருகியதால் சுற்றியுள்ள பகுதி அகன்று ஆழ்ந்த நீலமாகிறது. இரண்டாம் நாள் பார்க்கிறவன் முந்தின நாள் பார்த்த அணுவா இது என்று சந்தேகிப்பான். இவ்வளவும் இரட்டிப்பதற்கு முன்னேயுள்ள ஆயத்தம். டி.என்.ஏ. செய்யும் வேலை ஏறக்குறைய ஒரு நாள் கழிந்த பிறகே தொடங்குகிறது. முதல் பிரிவுகள் இரண்டாம் நாளின் முடிவை ஒட்டித்தான் தென்படுகின்றன. உள்ளே நுழைவதா வேண்டாமா என்று அணு தீர்மானிக்கும் இந்த முதல் கட்டமே மிக நீண்டது; அணுவுக்கு அணு மிகவும் வேறுபடுவதும் இதுதான். ஒரு முறை இரட்டிக்கத் தொடங்கிவிட்டால், அதன்பின் வரும் நேரக் கணக்கு பெரிதும் மாறுவதில்லை.

இரட்டிக்கும் காலத்தின் விசித்திரத்தைச் சிறிது நின்று சொல்ல வேண்டும். மனித உயிரணு ஒன்றிலுள்ள டி.என்.ஏ.யை நீட்டினால் சுமார் 2 மீட்டர். அதில் எழுத்து ஜோடிகள் 600 கோடிக்கு மேல். படியெடுக்கும் இயந்திரம் ஒன்று வினாடிக்கு ஏறக்குறைய 50 எழுத்துக்கள் நகர்கிறது. ஒரே இடத்தில் ஆரம்பித்தால் வருஷக்கணக்கில் ஆகும். காரியம் முடிவதோ சுமார் 8 மணியில். பல்லாயிரம் இடங்களில் தொடங்கி இரு திசையிலும் படியெடுத்துச் செல்வதால் இது சாத்தியமாகிறது. அப்படியானால், இத்தனை ஆயிரம் தொடக்க இடங்களில் ஏதாவது ஒன்று மறதியாக இரண்டாம் முறை தொடங்கிவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பகுதி மட்டும் இரண்டுக்குப் பதில் நான்காகிவிடும். அந்த விபரீதம் நேராமல் இருக்கச் செய்துள்ள ஏற்பாடு, ஊர்ச் சினிமாக் கொட்டகையின் ஏற்பாட்டை ஒத்தது: டிக்கெட் ஜன்னலை மூடிய பிறகே உள்கதவு திறக்கும்; நுழைகிறவன் டிக்கெட்டை வாசலில் கிழித்துவிடுவார்கள். எம்.சி.எம். என்னும் புரதங்கள் முதல் இடைவெளியிலேயே தொடக்க இடங்களில் ஏற்றி வைக்கப்படுகின்றன. இரட்டிப்பு ஆரம்பமானவுடன் புதிதாக ஏற்றுவது தடையாகிறது. படியெடுக்கும் வேலை ஓர் இடத்தைத் தாண்டும்போது அங்கிருந்த அனுமதியும் நீங்கிவிடுகிறது. பிரிவு முடிந்து இரண்டு மகள் அணுக்களாகும் சமயத்தில்தான் ஜன்னல் மறுபடி திறக்கும்.

எழுத்து இரட்டித்தால் மட்டும் போதாது. அதைச் சுற்றிக்கொள்ள ஹிஸ்டோன் புரதமும் அதே வேளையில் இரட்டிக்க வேண்டும். புதிய படியும் பழைய படியும் பிரிவு வேளை வரையில் ஒன்றையொன்று விட்டு விலகாமலிருக்க, வளையம்போன்ற கொஹீசின் புரதங்கள் படியெடுக்கும்போதே இரண்டையும் சேர்த்துப் பிணைத்துவிடுகின்றன. பின்னால் இரு துருவமாக நின்று இழுக்கப்போகும் சென்ட்ரோசோமும் இக்காலத்திலேயே இரண்டாகிறது. எல்லாப் பகுதியும் ஒருங்கே இரட்டிப்பதும் இல்லை: உழைக்கும் ஜீன்கள் மிகுந்த பகுதிகள் முதலில் முந்திக்கொள்ளும், பெண்களின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் செயலற்று மடிந்து கிடக்கும் ஒன்று கடைசியில்தான் வரும். ப்ரோமோடியாக்ஸியூரிடின் என்னும் மாற்றுப்பொருளை இறுதி மணிகளில் சேர்த்தால், தாமதித்து இரட்டித்த அந்த எக்ஸ் வேறு சாயலில் வெளிறித் தெரியும். எக்ஸ் குரோமோசோம் சம்பந்தமான கோளாறுகளில் எது உழைப்பது, எது உறங்குவது என்று கண்டறிய இதைப் பல முறை துணைக்கொண்டிருக்கிறேன்.

இனி எங்கள் கலையில் நுட்பமான பகுதி. கல்ச்சரிலுள்ள அணுக்கள் தத்தம் போக்கில், ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வருவதால், எந்தக் கணத்தில் எடுத்தாலும் நமக்கு வேண்டிய நிலையில் சிலவே கிடைக்கும். அவை அனைத்தையும் ஒரே வாசலில் நிறுத்திவைத்து, ஒரே நேரத்தில் திறந்துவிட்டால்? அதற்கு மெத்தோட்ரெக்ஸேட் உதவுகிறது. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துக்களில் ஒன்றான தைமிடினைச் செய்யும் வழியை அது அடைத்துவிடுகிறது. எழுத்து கிடைக்காமல் அணுக்கள் இரட்டிப்பின் தொடக்கத்திலேயே தேங்கி நிற்கின்றன. மாலையில் அதைச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போய், ஏறக்குறைய 17 மணி கழித்துக் காலையில் வந்து, அணுக்களைக் கழுவித் தைமிடின் கொடுத்தால் எல்லாம் ஒருசேரப் புறப்படும். அதிலிருந்து ஐந்து மணி எண்ணிக்கொண்டு எடுக்க வேண்டும். அரை மணி முந்தினால் உட்கருக்கள்தாம் கிடைக்கும். பிந்தினாலோ குரோமோசோம்கள் குறுகிக் கட்டையாகிவிடும். 1976-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் யூனிஸ் இம்முறையைக் கொண்டுவந்த பிறகு, சாயம் ஏற்றிய குரோமோசோம்களில் முன்பு ஏறக்குறைய 400 பட்டைகள் தெரிந்த இடத்தில் அதைப்போல் இரு மடங்கு தெரியலாயிற்று. சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் படித்து 1923-ல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்த நாளில் உருவான மருந்து இந்த மெத்தோட்ரெக்ஸேட். ரத்தப் புற்றுநோயில் வரைமுறையின்றி இரட்டிக்கும் அணுக்களை நிறுத்துவதற்காக அதைக் கொடுக்கிறார்கள்; நாங்கள் ஓர் இரவு நிறுத்தி, காலையில் விடுவிக்கிறோம். சென்னையில் அதே கல்லூரித் தெருக்களின் வழியே வேலைக்குப் போய்வந்த என் மாணாக்கர்களில் பலர் சுப்பாராவின் பெயரைக் கேட்டதில்லை என்பது வருத்தமான சங்கதி; ஒவ்வொரு தொகுதிக்கும் அதை நான் சொல்லாமல் விட்டதில்லை.

எஸ் முடிந்து பிரிவு தொடங்குவதற்குள் உள்ள இரண்டாவது இடைவெளியில் அணு என்ன செய்கிறது என்பதை விளக்க, கதிர்வீச்சுப் பரிசோதனை ஸ்லைடுகளைப்போல் நல்ல சாட்சி வேறில்லை. எக்ஸ்ரே கதிர் அளவுக்கு மீறிப் பட்ட ஒருவரின் ரத்தம் வரும்போது, அதிலுள்ள லிம்போசைட்டுகள் கதிர் பட்ட சமயத்தில் இரட்டிக்காதவை. ஒற்றை இழையாக இருக்கும்போது முறிந்தது, பிறகு இரட்டிக்கையில் முறிவோடு சேர்ந்தே இரட்டிக்கும். ஆகையால் குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும் மெட்டாஃபேஸ் என்னும் நடுநிலையில் பார்க்கும்போது குரோமோசோமின் இரண்டு பாதியிலும் ஒரே இடத்தில் முறிவு இருக்கும். இரண்டு குரோமோசோம்கள் தவறாக ஒட்டிக்கொண்டு, சென்ட்ரோமியர் என்னும் இடுப்பு ஒன்றுக்குப் பதில் இரண்டோடு, டைசென்ட்ரிக் என்னும் விகாரமாக நிற்கும். இரட்டித்த பிறகு நேர்ந்த முறிவானால் இரண்டு பாதிகளில் ஒன்று மட்டும் ஒடிந்திருக்கும். நாள் கழித்து வந்து சடலத்தைப் பார்க்கும் போலீஸ் டாக்டருக்கு உள்ள சிரமம் எங்களுக்கு இல்லை. காயம் சுழற்சியின் எந்த வேளையில் பட்டது என்பதை, ஒரு பாதியா இரண்டு பாதியா என்று பார்த்தே சொல்லிவிடலாம். இந்தப் பரிசோதனைக்கு 72 மணி கூடாது. 48 மணியிலேயே எடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சில அணுக்கள் இரண்டாம் பிரிவுக்கு வந்துவிடும், டைசென்ட்ரிக் உடைய அணுக்களில் பல முதல் பிரிவைத் தாண்ட மாட்டாமல் மடிந்துவிடும், எண்ணிக்கை பொய்யாகும்.

சாதாரணமாக, முறிவு உள்ள அணு பிரிவுக்குள் காலெடுத்து வைப்பதில்லை. ஜி-இரண்டில் நின்று பழுது பார்த்துக்கொண்டே வரும். இது வெறும் களைப்பினால் ஏற்படும் தாமதமன்று. நின்று சரிபார்ப்பதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு என்பதை 1988-ல் ரொட்டி ஈஸ்ட்டில் டெட் வைனர்ட்டும் லீலண்ட் ஹார்ட்வெல்லும் காட்டினார்கள்: ஒரு ஜீனைக் கெடுத்த ஈஸ்ட், முறிந்த குரோமோசோமோடு நிற்காமல் பிரிந்து மடிந்தது. மனிதரில் ஃபான்கோனி ரத்தச்சோகை என்னும் பரம்பரை நோயை நாங்கள் கண்டுபிடிப்பதும் ஏறக்குறைய இவ்வழியே. கட்டைவிரல் ஊனத்தோடும் வளர்ச்சிக் குறைவோடும், ரத்தம் ஊறாமல் வெளுத்து வரும் குழந்தையின் கல்ச்சரில் மைட்டோமைசின் என்னும் மருந்தை மிகச் சிறிதளவு சேர்த்துப் பார்ப்போம். ஆரோக்கியமான அணுக்கள் பழுதை நீக்கிக்கொண்டு முழுசாக வரும் இடத்தில், இக்குழந்தையின் அணுக்களில் குரோமோசோம்கள் ஒடிந்தும், நான்கு கை விரித்த உருவங்களாகப் பிணைந்தும் வரும். அந்த ஸ்லைடைப் பார்க்கும்போது, முந்தின இரவு மற்ற அணுக்கள் ஓசையின்றிச் செய்து முடித்த வேலை எவ்வளவு என்பது விளங்கும்.

ஆயத்தம் முடியுமுன் பலவந்தமாகப் பிரிவுக்கு இழுத்தால் நேருவது என்ன என்பதையும் இருவர் செய்தே பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டவரான பொத்து நரசிம்ம ராவும் ராபர்ட் ஜான்சனும் 1970-ல் அமெரிக்காவில் கொலராடோவில், பிரிந்துகொண்டிருந்த, ஹீலா என்னும் ஆய்வக வளர்ப்பு அணுவை, பிரியாத அணுவோடு செண்டாய் வைரஸின் உதவியால் ஒன்றாக இணைத்தார்கள். பிரியும் அணுவிலிருந்த ஏதோ ஒரு பொருளின் தூண்டுதலால் மற்றதன் உட்கருவும் தன் வேளை வராமலே சுருங்கிக் குரோமோசோமாயிற்று. அது ஜி-ஒன்றில் இருந்திருந்தால் ஒற்றை நூலாகவும், ஜி-இரண்டில் இருந்திருந்தால் இரட்டை நூலாகவும் தெரிந்தது. இரட்டிக்கும் நடுவே இருந்திருந்தால், பொடிப்பொடியாக உதிர்ந்ததுபோல் தெரிந்தது. தூண்டிய பொருள் எது என்பதற்கு விடை, தவளை முட்டையில் மசூயி, பிளவு ஈஸ்ட்டில் பால் நர்ஸ், கடல்முள்ளெலி முட்டையில் டிம் ஹண்ட் ஆகியோர் தனித்தனியே தோண்டிய சுரங்கங்கள் ஒன்றில் வந்து கூடியபோது கிடைத்தது. பின்னிருவருக்கும் ஹார்ட்வெல்லுக்கும் 2001-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வரலாறு புத்தகங்களில் விரிவாக இருப்பதால் இங்கே விடுகிறேன். அந்தப் பொடி உருவத்தை லுகீமியா நோயாளிகளின் ஸ்லைடுகளில் எப்போதாவது தற்செயலாகக் காண்பதுண்டு. பார்த்தவுடன், ஸ்லைடு கெட்டுவிட்டது என்று புதியவர்கள் தூக்கிப்போடப் பார்ப்பார்கள்.

72-ஆம் மணி நெருங்கும்போது கால்ச்சிசின் சேர்க்கிறோம். குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்கோல் இழைகள் கூடிவிடாமல் தடுத்து, அணுவை மெட்டாஃபேஸிலேயே நிறுத்திவைக்கும் விஷம் இது. ஐரோப்பாவில் கால்ச்சிக்கம் என்னும் செடியிலிருந்து எடுத்தார்கள். நம்மிடத்தில் கண்வலிக்கிழங்கு என்று சொல்லப்படும் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் அதே பொருள் உண்டு. எங்கள் கூடத்தில் சீசா கழுவிய உதவியாளர் மூலனூர்ப் பக்கத்துக்காரர். ஒரு நாள் கால்ச்சிசின் சீசாவின் சீட்டில் எழுதியிருப்பதை நான் வாசித்துக் காட்டியதும், “ஏனுங் சார், எங்க காட்டுல வெளையுற வெதையுங்களா இது? அத யாவாரி வந்து கிலோக் கணக்குல வாங்கிட்டுப் போவானுங்க, எதுக்குன்னு ஒருத்தனும் சொன்னதில்லீங்” என்றார். அந்த விதையின் சாரத்தில் எங்களுக்கு வேண்டியது சில மைக்ரோகிராம்; அதையும் முக்கால் மணிக்கு மேல் விட்டுவைக்க எனக்கு மனம் வராது. நேரம் கூடக்கூட மெட்டாஃபேஸ் நிறையச் சேரும் என்பது மெய். ஆனால் நிறுத்தி வைத்த குரோமோசோம் சும்மா நிற்பதில்லை, மேலும் மேலும் சுருங்கிக்கொண்டே போகும். எண்ணிக்கைக்கு ஆசைப்படுகிறவன் பட்டையை இழப்பான்.

அதன்பின் உப்புக் குறைந்த திரவம். பொட்டாசியம் குளோரைடு நீரில் கால் மணி ஊறவைத்தால் அணு நீர் குடித்து உப்பி, உள்ளே நெருங்கிக் கிடந்த குரோமோசோம்கள் விலகி நிற்கும். இதுவும் ஒரு தற்செயல்தான்: 1952-ல் டெக்ஸாஸில் டி.சி. சூ என்பவரின் கூடத்தில் யாரோ உப்புக் கரைசலைத் தவறான விகிதத்தில் கலந்து வைத்ததால் அணுக்கள் உப்பி, அதுவரை ஒருவரும் கண்டிராத தெளிவில் குரோமோசோம்கள் விரிந்தன. அவ்வளவு தெளிவாகக் கண்டும், 1923 முதல் வழங்கி வந்த 48 என்ற கணக்கையே அவர் திருப்பிச் சொன்னார். 46 என்று துணிந்து சொல்ல 1956-ல் ஸ்வீடனில் ஜோ ஹின் ச்சியோவும் ஆல்பர்ட் லெவானும் வர வேண்டியிருந்தது.

சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் பலமுறை கழுவிய அணுக்களைக் குளிர்ந்த, ஈரமான ஸ்லைடின்மேல் உயரத்திலிருந்து துளியாக விடுவது, ஹார்வெஸ்ட் என்று நாங்கள் சொல்லும் அறுவடையின் கடைசிப் படி. துளி விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஈரம் ஓரத்திலிருந்து பின்வாங்கி, ஒரு கணம் வானவில் நிறம் காட்டி, மங்கலாக உலர்கிறது. அந்தச் சில வினாடிகளில் அணுவின் சவ்வு தட்டையாகிக் குரோமோசோம் விரிகிறது. ஐப்பசி மழையில் காற்று ஈரமாயிருக்கும் நாளில் மெல்ல உலர்ந்து நன்றாக விரியும். சில சமயம் மிதமிஞ்சி விரிந்து, ஓர் அணுவின் குரோமோசோம் அடுத்ததன் எல்லைக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. ஏ.சி. ஓடும் வறண்ட அறையில் சட்டென்று உலர்ந்து, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடக்கும். ஆகையால் மழை நாளுக்கு ஓர் உயரம், வெயில் நாளுக்கு ஓர் ஈரம் என்று கைக்கே ஒரு கணக்கு ஏற்பட்டுவிடுகிறது. அதை எழுதிவைக்கச் சொல்லும் தரக்கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சில கல்ச்சர்களில் ஒரு மெட்டாஃபேஸும் வராது. கோடை வெயிலில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய ரத்தம், ஹெப்பாரின் குழாய்க்குப் பதில் வேறு குழாயில் எடுத்த ரத்தம், ஆன்டிபயாடிக்கும் ஸ்டிராய்டும் ஏறிய உடலின் ரத்தம் — இவற்றில் அணு உயிரோடிருந்தாலும் முதல் வாசலைத் தாண்டாது. ஒரு வெளியூர்ச் சேகரிப்பு மையம் ஈ.டி.டி.ஏ. குழாயிலேயே திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு, உங்கள் கூடத்தில் எதுவும் வளர்வதில்லை என்று கடிதம் எழுதியது. பிரிவுக்கு வேண்டிய கால்சியத்தை அந்தக் குழாயின் மருந்து பிடித்து வைத்துக்கொள்கிறது என்று விளக்கி எழுதியும் பயன் குறைவு. ஹெப்பாரின் குழாய்களை நாங்களே வாங்கி அனுப்பிய பிறகுதான் வழிக்கு வந்தது.

இப்போது மைக்ரோஅரே வந்துவிட்டது, டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று நேரே சொல்லிவிடுகிறது. அணு பிரிய வேண்டியதில்லை. இன்குபேட்டர் முன் யாரும் மணி எண்ண வேண்டியதில்லை. இந்தத் தொழில் இன்னும் எத்தனை நாள் என்று இளைஞர்கள் என்னைக் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் ஓர் உதாரணம் சொல்வேன். டௌன் நோய்க்குறியுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு 21-ஆம் குரோமோசோம் மூன்றாகத் தனித்தனியே இருக்கிறது. சிலருக்கு மட்டும் அந்த மூன்றாவது, 14-ஆம் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரே இரண்டையும் ஒன்றாகவே சொல்லும்: 21 அதிகம். ஒட்டிக்கொண்ட வகையில், தாயோ தந்தையோ ஒருவர் 45 குரோமோசோம்களோடு யாதொரு குறையுமின்றி நடமாடக்கூடும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும், அவரிடத்தில் டி.என்.ஏ. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இடம் மாறியிருப்பது ஒன்றுதான். அவரை அரேயில் போட்டால் சுத்தமான சீட்டு வரும். அடுத்த குழந்தைக்கு என்ன நேரக்கூடும் என்று கேட்டு அந்தத் தம்பதிகள் வரும்போது, இருவர் கையிலும் ஹெப்பாரின் குழாயில் ரத்தம் எடுத்து, பி.எச்.ஏ. சேர்த்து, இன்குபேட்டரில் வைத்து, மூன்று நாள் கழித்துப் பார்ப்பதைத் தவிர வேறு சுலபமான வழி கிடையாது. எங்கள் கூடத்தில் திங்களும் வெள்ளியும் கல்ச்சர் போடும் நாட்கள். வியாழனும் திங்களும் ஹார்வெஸ்ட்.